லாக்கர் காயும் வரை

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் கிதார் தகமாவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அமூதுக்குப் பெண்டாட்டி இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அன்று மாலை தகமாவின் தாய்மாமன் காஜியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு வருஷக் குடித்தனம் அத்தோடு முடிந்தது.

தப்பு முழுக்க அவனுடையது. மழுப்பிப் பேச இங்கே யாரும் அவனுக்கு வக்கீல் இல்லை. சஹாரா நடுவிலிருக்கிற தாமன்ராசெத்தில் கல்யாணம் என்றால் தகமாவைக் கூப்பிடாமல் நடக்காது. பெண்கள் முரசைச் சுற்றி உட்கார்ந்து கை தட்ட, அவள் நடுவில் மின்சாரக் கிதாரை மடியில் போட்டு ஆரம்பித்தாள் என்றால், டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அமூதுக்கும் அதில் பெருமைதான். ஒரு கல்யாணத்தில் எவனோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏம்ப்பா, வீட்டுல அவ வாசிக்க நீ தாளம் போடுறியா?" என்று கேட்டுவிட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அமூத் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"இனிமே ஆம்பளைங்க முன்னாடி வாசிக்காத" என்றான் மறுநாள் காலையில்.

"கல்யாணத்துக்கு முன்னாடியும் வாசிச்சேன். அப்ப உனக்குக் காது கேக்கலியா?"

கிதாரைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. வெறி தலைக்கேறி ஒரே இழுப்பாக இழுத்து முற்றத்துக் கல்லில் ஓங்கி அடித்தான். உடல் இரண்டாகப் பிளந்தது. கழுத்து மட்டும் தப்பியது. தகமா அழவில்லை, திட்டவும் இல்லை. போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டாற்றோரம் இருக்கிற அம்மாவின் கூடாரத்துக்குப் போய்விட்டாள். கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் ஒட்டுமா? மூன்று தடவை ஆள் அனுப்பினான். மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். நாலாவது ஆளிடம்தான் பதில் வந்தது. கடையில் வாங்கின கிதார் வேண்டாம், உடைத்தவனே தன் கையால் செய்யட்டும், சித்தி மகள் கல்யாணத்தன்று வியாழன் சாயங்காலம் அதைத்தான் வாசிப்பேன், வராவிட்டால் அடுத்த ஆளை அனுப்ப வேண்டாம் என்று.

அமூத் லாரி ஓட்டுகிறவன். மரவேலைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பழைய லாரியின் தளத்திலிருந்து ஒரு கனத்த பலகையைக் கழற்றினான். மாமன் மகன் ஹமாதாவின் கார் பெயின்ட் பட்டறையில் உட்கார்ந்து ஒரு மாதம் அறுத்தான், செதுக்கினான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். உள்ளங்கையில் தோல் உரிந்தது. பழைய கிதாரின் கழுத்தையும் மின்சாதனங்களையும் பொருத்திப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. இனி பெயின்ட்தான் பாக்கி.

ஹமாதா கைகாரன், ஆனால் வாய் அதைவிட நீளம். அவர்கள் ஊரில் மாமன் மகனும் அத்தை மகனும் ஒருத்தரை ஒருத்தர் என்ன வேண்டுமானாலும் கேலி பேசலாம், கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். ஹமாதா அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"மச்சான், லாரிய ரோட்டுல ஓட்டத் தெரியும், அதே பலகையில பொண்டாட்டி மனசுல ஓட்டப் பாக்குற. நடக்கட்டும், நடக்கட்டும்."

புதன்கிழமை மத்தியானம் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரைமர் காய்ந்து, வெள்ளை இரண்டு பூச்சு ஏறியிருந்தது. பால் மாதிரி வெள்ளை. அமூத் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் புது முண்டாசு, நீலச் சாயம் தோய்த்துத் தடியால் அடித்து அடித்துப் பளபளப்பேற்றிய துணி. தொட்டால் விரலில் ஒட்டும் சாயம் அது. வேலை செய்கிற இடத்தில் எதற்கு என்றால், மாமியார் வீட்டு ஆள் யாராவது வந்துவிட்டால் பழந்துணியோடு நிற்க முடியுமா என்ற கௌரவம்.

சொல்லி வைத்தாற்போல வந்தார், தகமாவின் தாய்மாமனே. ஆட்டு விஷயமாகச் சந்தைக்குப் போகிறவர் வாசலில் நின்று சலாம் சொன்னார். அமூத் பதறிப்போய், இறங்கியிருந்த முண்டாசை மூக்குக்கு மேல் சட்டென்று இழுத்தான். அங்கே ஆண்பிள்ளை பெண்ணெடுத்த வீட்டார் முன்னால் வாயைக் காட்டக் கூடாது. மாமியார் முன்னால் காட்டுவதும் இடுப்புத் துணி இல்லாமல் நிற்பதும் ஒன்றுதான். இழுத்த வேகத்தில் முண்டாசின் வால் சுழன்று, காயாத வெள்ளையின் மேல் முழ நீளத்துக்கு நீலக் கோடு இழுத்துக்கொண்டு போனது.

பெரியவர் சந்தைப் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் அமூத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தான். கோடாக இருந்த நீலம் குளமாகப் பரவியது.

"துடைக்காதடா மடையா!" ஹமாதா ஓடிவந்து கையைப் பிடித்தான். "ஐயோ... வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழிய உடைச்சியே. மாமனாரு வீட்டுக்கு மரியாதை காட்டுறேன்னு மாமனாரு வீட்டையே தொலைச்சுடுவ போலிருக்கே!"

அன்று மிச்சப் பகல் முழுக்கத் தேய்ப்புதான், மரம் தெரிகிற வரைக்கும். மறுபடி பிரைமர், மறுபடி வெள்ளை. வெள்ளை டப்பாவின் அடியைச் சுரண்டித்தான் ஊற்றினார்கள். கடைசிப் பூச்சுக்கான பளபள லாக்கர் ஒரே ஒரு சின்ன டப்பா இருந்தது. ஊரில் வேறு எங்கும் இல்லை. வடக்கேயிருந்து லாரி வர ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

"இந்த ஒரு தடவதான் மச்சான்" என்றான் ஹமாதா வியாழன் காலையில். கேலி இல்லாமல் பேசினான். "முண்டாசக் கழட்டி வெளிய ஆணியில மாட்டு. கூடுக்குள்ள நீ, பெயின்ட் துப்பாக்கி, கிதாரு. வேற எதுவும் வேணாம். கை மொதல்ல நகரணும், அப்புறம்தான் விசை. எங்கயும் நிக்காத. நின்ன இடத்துல வழிஞ்சுடும்."

"நீயே அடிச்சுக் குடுத்துடேன்."

"நானா? உடைச்சவன் கையால செய்யணும்னுதான அவ கேட்டா. நாளைக்கு அவ என்னக் கேப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது, தெரியுமில்ல?"

பொய் சொல்ல வராதவனாம்! அவன் ஏமாற்றி விற்ற பழைய கார்கள் அந்த ஊரில் பாதி. ஆனால் இதில் அவன் அசையவில்லை. கிதார் கம்பிகளை வாங்கிவர அமூதின் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூடு என்பது பட்டறையின் மூலையில் நாலு குழாய் நட்டுச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்ட இடம். கையை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கும். தூசி கிளம்பாமல் இருக்க அமூத் தரையில் தண்ணீர் தெளித்தான். கழுத்து பொருந்தும் இடத்தில் ஒரு கம்பியை முடுக்கி, மேல் குழாயிலிருந்து கிதாரின் உடலைத் தொங்கவிட்டிருந்தார்கள். காகித முகமூடி போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுத்தான். சஹாராவைக் குறுக்கே நூறு தடவை தாண்டியவன், விசையைத் தொடாமல் இரண்டு தடவை காற்றில் வீசிப் பார்த்தான்.

கை நகர்ந்தது, பிறகு விசை. ஒரு சாண் தூரத்தில், வலமிருந்து இடம், இடமிருந்து வலம். ஒவ்வொரு வரியும் முந்தின வரியைப் பாதி மூடியபடி. ஓரங்கள், வளைவுகள், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். மூச்சை எங்கே விட்டான் என்று அவனுக்கே தெரியாது. துப்பாக்கி காலியாகிக் காற்று மட்டும் சீறியபோது நிறுத்தினான்.

வழியவில்லை. திட்டில்லை. ஈர வெள்ளையில் கூரையின் தகரம் தெரிந்தது. கண்ணுக்குள் நீர் கோத்துக்கொண்டது அவனுக்கு. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, "அல்லாவே, நன்றி" என்று வாய்விட்டுச் சொன்னான். இன்னும் கால் மணி நேரம் எதுவும் படாமல் இருந்தால் போதும், அப்புறம் தூசி ஒட்டாது. பிறகு வெயிலில் வைத்தால் மூன்று மணிக்குள் கழுத்தைப் பூட்டலாம்.

அப்போதுதான் காற்று கிளம்பியது.

சித்திரை வெயிலில் அங்கே இப்படித்தான், கேட்காமல் கொள்ளாமல் வரும். தகரக் கூரை தடதடத்தது. பிளாஸ்டிக் தாள் பின்பக்கமிருந்து பாய்மரம் போல உப்பிக்கொண்டு உள்ளே வந்தது. கிதார் கம்பியில் ஊஞ்சலாடத் தொடங்கியது. அமூத் பாய்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். முதுகைத் திருப்பி உப்பிய தாளைத் தன் மேல் தாங்கிக்கொண்டான். தாளுக்கும் ஈர லாக்கருக்கும் நடுவில் இப்போது அவன் முதுகு மட்டும்தான். ஒரு கையை விட்டாலும் கிதார் சுழன்று பக்கத்துத் தாளில் ஒட்டும். திரும்பினாலும் அதே கதிதான். வாசல் பக்கத் தாளைப் பார்த்தபடி மரம் மாதிரி நின்றான்.

"ஹமாதா!"

வெளியே ஒரு பெண்குரல். அந்தக் குரலை அவன் ஆறு வருஷமாகத் தூரத்திலிருந்து மட்டும் கேட்டிருக்கிறான். கைஷா. தகமாவின் அம்மா.

அவள்மேல் குற்றமில்லை. வாசலில் மருமகன் வண்டி இல்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து, கிதார் நிஜமாகவே செய்கிறானா அல்லது ஊரை ஏமாற்றுகிறானா என்று ஹமாதாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். தாய் மனசு. மண்காற்று முகத்தில் அடிக்கவும் பட்டறைக்குள் நுழைந்துவிட்டாள்.

"ஹமாதா, எங்கடா இருக்க?"

பதில் சொன்னால் அவன் இருப்பது தெரியும். சொல்லாவிட்டால் உள்ளே வருவாள். அமூத் யோசித்து முடிப்பதற்குள் தாள் விலகியது.

முண்டாசு வெளியே ஆணியில். முகமூடி தரையில். நெற்றியிலிருந்து தாடை வரை அம்மணமான முகம், அதுவும் வாய் பிளந்தபடி. எதிரே மாமியார். இரண்டு பேரும் கண்ணோடு கண் பார்த்தார்கள். அவன் வலது கை தானாகவே கம்பியிலிருந்து கழன்றது, முகத்தை மூட. பிறந்ததிலிருந்து பழகின கை, அதற்கு யார் சொல்ல வேண்டும்? கிதார் அரை வட்டம் சுழன்றது. விளிம்புக்கும் தாளுக்கும் நடுவே விரல் கனம்தான் இடைவெளி.

அமூத் கையைத் திருப்பிக் கம்பியில் போட்டான். முகம் அப்படியே திறந்து கிடந்தது. அவமானத்தில் காது எரிந்தது. அவள் தூக்கிப் பிடித்திருந்த தாள் வழியாகக் காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டப் பார்த்தது. மண் கிதாரை நோக்கி வருவதை அவன் கண்ணால் கண்டான்.

"அத்தை, தாள மூடுங்க! மூடுங்க, தூசி!"

கத்திவிட்டான். மாமியாரிடம். முகத்தைக் காட்டிக்கொண்டு, அதிகாரமாக. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

கைஷா தன் முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்தாள். வெளியே ஓடப்போகிறாள் என்று நினைத்தான். அவள் உள்ளே ஓரடி வைத்து, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தாளின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்தாள். கீழ் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டாள். காற்று தாளைப் பிடுங்கியது. அறுபது வயசுக்காரி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படி எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அமூதால் பின்னால் ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை. லாக்கர் வாடையில் அவள் இருமினாள். அவனுக்குத் தோளில் நரம்பு இழுத்தது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தான். பேசினால் இன்னும் ஒரு தப்பு. அவள் முதுகையும் பார்க்காமல் கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரப் பளபளப்பு மெல்ல இறுகுவது தெரிந்தது. ஒரே ஒரு மணல் துகள் கீழ் வளைவில் வந்து உட்கார்ந்திருந்தது. போகட்டும், ஒன்றுதானே.

காற்று தணிந்தது. கைஷா தாளை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். வெளியே அவளைக் கூட்டிவந்த வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அமூத் கம்பியை விட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். கிதார் பிழைத்தது. அவன் செத்தான். பெண்ணைப் பெற்றவள் முன்னால் இந்தக் கோலத்தில் நின்று அவளையே ஏவியவனுக்கு எந்தக் கூடாரத்தில் பெண் கொடுப்பார்கள்?

ஹமாதா வந்து கேட்டபோது மென்று முழுங்கிச் சொன்னான். ஹமாதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அமூதின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"பாட்டனாரு காலத்துலேர்ந்து இந்தத் தப்ப எவனும் பண்ணினதில்லடா."

"தெரியும்."

"சரி, எழுந்திரு. கழுத்தப் பூட்டுவோம்."

"இனிமே எதுக்குடா?"

"கூட்டிட்டுப் போறியோ இல்லியோ, குடுத்துட்டு வந்துடு. கேட்டது கிதாரு. அத மட்டுமாவது ஒழுங்காச் செய்."

சூரியன் மலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தபோது வண்டி காட்டாற்றங்கரையில் நின்றது. அமூத் முண்டாசைக் கண் மட்டும் தெரிகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தான். கூடாரத்திலிருந்து எட்ட, ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தான். அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. கூடாரத்து வாசலில் தாய்மாமன் செருப்பு கிடந்தது. அவர் உள்ளேதான் இருந்தார், காஜியிடம் போகத் தயாராக.

தகமா வந்தாள். கல்யாணத்துக்கு உடுத்தியிருந்தாள். எதிரே உட்கார்ந்து கிதாரைக் கேட்டாள். கண்ணில் எதுவும் காட்டவில்லை.

"இன்னும் முழுசாக் காயல, பாத்து" என்றான்.

"தொடாம எப்படி வாசிக்கிறதாம்?"

மடியில் போட்டுக் கம்பிகளை முறுக்கினாள். ஓரங்களைத் தடவினாள். கீழ் வளைவில் மணல் துகள் விரலில் தட்டுப்பட்டது. அங்கே நின்றாள்.

"இது?"

"காத்து வந்துடுச்சு."

"நீதான் அடிச்சியா, ஹமாதாவா?"

"நான்தான்."

இரண்டு வரி வாசித்தாள். மின்சாரம் கொடுக்காத கிதாரின் சன்னமான சத்தம், மரத்தடி தாண்டாது.

"உடைச்சது தப்பு, தகமா" என்றான். நாற்பது நாளாக அனுப்பிய ஆட்களிடம் இதை மட்டும் அவன் சொல்லி அனுப்பவில்லை. "எவனோ சிரிச்சான்னு உன் பொருள உடைச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் கிதாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் வாசிப்பேன். யாரு இருந்தாலும் வாசிப்பேன்."

"வாசி."

"மறுபடி எவனாவது வாயக் கிளறினா?"

"கிளறட்டும். இன்னிக்கு நான் பண்ணின காரியத்துக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு பேச்சா? ஊரு இன்னும் பத்து வருஷத்துக்கு என்னத்தான் பேசும்."

அவள் உதடு துடித்தது. சிரிப்பா, கோபமா, தெரியவில்லை.

"அம்மாகிட்ட கத்தினியாமே."

"கத்தினேன்."

"மூஞ்சிய மூடாம."

"கைய விட்டா கிதாரு போயிருக்கும். லாக்கரு வேற இல்ல. நீ இன்னிக்குன்னு சொல்லிட்ட."

தகமா கிதாரை மடியில் படுக்க வைத்தாள். "அம்மா வந்ததுலேர்ந்து தலையோட போத்திட்டுப் படுத்திருக்கா. சோறு வேணாங்கிறா. மாமா கேட்டுக் கேட்டுப் பாத்தாரு, என்ன நடந்துச்சுன்னு. கடைசியா வாயத் திறந்தா. அவன் மூஞ்சிய நான் பாத்துட்டேன், இனிமே அவன் இந்தக் கூடாரத்துப் பக்கம் காலெடுத்து வெக்கக் கூடாது, வந்தா நான் மண்ணுல புதைஞ்சு போவேன்னுட்டா."

எதிர்பார்த்ததுதான். அமூத் தரையில் கையை ஊன்றி எழுந்தான். ஹமாதா வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க கிளம்பிட்ட? மாமாவும் இப்படித்தான், செருப்பத் தேடினாரு காஜிகிட்ட போக. உக்காரு, முழுசாக் கேளு" என்றாள் தகமா. "புருஷன் வர முடியாத எடத்துல பொண்டாட்டி எத்தன நாளு உக்காந்திருப்பா, அசிங்கமில்லியான்னு அம்மா மாமாவயே கேட்டா. கல்யாணத்துல வாசிச்சு முடிச்ச கையோட நான் உன் வண்டியில ஏறிடணுமாம். என் பாயச் சுருட்டி வாசல்ல வெச்சது யாருன்னு நெனக்கிற? அவதான்."